குரல் மாறவில்லை என்று சொன்னேன்

பதின்மூன்று வயதில் பெரியவளானேன். அன்றிலிருந்து மாதத்தில் நான்கு நாள் எனக்குப் பொய்க்காரி என்று பெயர். லுணுகலையிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாங்கள் அந்தத் தோட்டத்து ஆட்கள், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புவரை தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் எட்டாம் வகுப்புவரை லுணுகலையிலும் படித்தேன். பதினைந்து வயதில் பேர் பதிந்து கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டேன்.

அந்த நான்கு நாட்களில் வலி அடிவயிற்றில் தொடங்கி இடுப்பைச் சுற்றிக்கொண்டு தொடைவரை இறங்கும். வெளிக்குப் போக உட்கார்ந்தால் உயிர் போய் வரும். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வரும். செடிகளுக்கு நடுவில் குந்திவிடுவேன். கொஞ்ச நேரம் பார்ப்பேன். முடியாவிட்டால் கங்காணியிடம் போய், "கங்காணி, எனக்கு முடியல. நான் போறேன்" என்பேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "மாசாமாசம் இவளுக்கு மட்டும் ஒரு நாடகம்" என்பார். அன்றைக்கு எனக்குப் பேர் கிடையாது. அதாவது, வேலைக்கு வந்ததாகவே கணக்கில்லை.

கங்காணியை விடுங்கள், அவர் ஆம்பிளை. என்கூடக் கொழுந்து பறித்த பெண்களும் நம்பவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இதுவோ அவர்களுக்கும் மாதாமாதம் வருகிற ஒன்று. தங்களுக்கு வருவதும் எனக்கு வருவதும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். "எங்களுக்கும்தான் வருது, நாங்க என்ன படுத்தா கெடக்கோம்?" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது என் காதுபடவே பேசுவார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். பதிலுக்குப் பதில் கொடுத்து, இருந்த ஒன்றிரண்டு சிநேகிதிகளையும் விரட்டிவிட்டேன்.

இருபத்தொரு வயதில் கல்யாணம். வீட்டுக்காரருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உருட்டு மெஷினில் வேலை. நல்ல மனுஷர், பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசுவார். ஏழு வருஷம் பிள்ளையில்லை. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று மாமி இரண்டையும் விடாமல் பார்த்தார். கோடாங்கிக்காரர் வந்து உடுக்கடித்து என் தலைமுடியைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனார். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். வயிற்று வலிக்கும் அதுதான், இருமலுக்கும் அதுதான். குடித்தேன், வலியும் இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் மலையில் மயங்கி விழுந்து எழும்பவே இல்லை. கொழுந்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் என்று நினைத்து வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். குடல்வால் நன்றாக இருந்தது. சூலகத்தில் பழைய இரத்தம் கட்டிப்போய் ஒரு பை இருந்தது. சுற்றிவர அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். பையை எடுத்தார்கள். புள்ளிகளை எடுக்க முடியவில்லை.

என்னைப் பார்த்தது ஒரு பெண் டொக்டர். சிங்களவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். நடுவில் பதுளை டவுனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நின்று மொழிபெயர்த்துச் சொன்னார். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு எனக்கு வெளியிலும் ஒட்டி வளர்கிறதாம். மாதாமாதம் உள்ளே இரத்தம் வரும்போது வெளியில் இருக்கிறதும் கசிகிறது, போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து புண்ணாகிறது. அதனால்தான் வலி. பிள்ளை நிற்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நான் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். எனக்குள் ஒரு நோய் இருக்கிறது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

தையல் பிரித்த பிறகு கிளினிக்குக்கு வரச் சொன்னார். எத்தனை வருஷமாக வலி, மாதத்தில் எத்தனை நாள், எந்தெந்த நாள் என்று கேட்டார். வருஷத்தைச் சொன்னேன். நாளைக் குறித்து வைக்க எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நான் குறிக்கவில்லை, தோட்டம் குறித்திருந்தது. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், வரவில்லை என்பதெல்லாம் ஒப்பீசில் செக்ரோல் என்னும் பெரிய புத்தகத்தில் இருக்கும். கிளாக்கர் ஐயாவிடம் போய் நின்றேன். முதலில் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு வருஷத்துக்கு நான் வேலைக்கு வராத நாட்களை ஒரு பெரிய தாளில் எழுதிக் கொடுத்தார்.

டொக்டர் அந்தத் தாளை மேசையில் விரித்துச் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு மாதமும் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். இருபத்தேழு நாள், இருபத்தெட்டு நாள், திரும்ப இருபத்தேழு. ஒரு மாதமும் தப்பவில்லை. மிஸ்ஸியிடம் ஏதோ சொன்னார். மிஸ்ஸி என்னைப் பார்த்து, "நீங்க இவ்வளவு காலமும் சொன்னது உண்மைதாண்டு இந்தத் தாளே சொல்லுதாம்" என்றார். என்னைச் சோம்பேறி என்று எழுதி வைத்த புத்தகம் எனக்குச் சாட்சி சொன்னது. நான் அந்த நாற்காலியிலேயே அழுதேன். வலிக்காகக்கூட நான் அப்படி அழுததில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். இரண்டு வழி இருந்தது. கர்ப்பப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிட்டால் நோய் பெரும்பாலும் போய்விடும். பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்று ஒரு புது மருந்து. கூட்டுக்குள் பொடி அடைத்த மாத்திரை. வெளிநாட்டிலேயே சில வருஷமாகத்தான் கொடுக்கிறார்கள். நம்முடைய பெண்களுக்கு அது எப்படி ஒத்துக்கொள்ளும் என்று அவருக்கே தெரியாது. அதைப் பார்ப்பதற்காக நான்கு பேருக்குக் கொடுத்து எழுதி வைக்கப்போகிறார், விருப்பமென்றால் அந்த நான்கில் நான் ஒருத்தி. தினமும் மூன்று வேளை போட வேண்டும். மாதவிலக்கு நின்றுவிடும், அதோடு வலியும் நிற்கும் என்று நம்பிக்கை. போடுகிற காலத்தில் பிள்ளை தங்கவே கூடாது. தங்கினால் பிள்ளைக்குக் கேடு. நிறுத்திய பிறகு பிள்ளை நிற்கலாம், நிற்காமலும் போகலாம். வலியும் திரும்பி வரலாம்.

உடம்பு பருக்கும், முகத்தில் எண்ணெய் வழியும், பரு வரும், உதட்டுக்கு மேலே முடி வளரலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். சிலருக்குக் குரல் தடித்துப்போகும். மற்றதெல்லாம் மருந்தை நிறுத்தினால் சரியாகும், குரல் மட்டும் சில வேளை திரும்பாது. அதனால் குரலில் துளி மாற்றம் தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும், அன்றைக்கே நிறுத்திவிடுவோம் என்றார். யோசித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வா என்று அனுப்பினார்.

இரண்டு வாரமும் கை கொழுந்து பறித்தது, மண்டை இதைப் பறித்தது. குரலைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். எனக்கு என் அம்மாவின் குரல். அம்மா செத்து ஐந்தாறு வருஷம் ஆகியும், நான் பின்னாலிருந்து பேசினால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெரிய மனுஷிகள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். அம்மா எனக்கு விட்டுப்போன நகை அது ஒன்றுதான். ஆனால் வந்தால்தானே, வந்தால் நிறுத்திக்கொள்ளலாமே என்று அந்தப் பயத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

பெரிய பயம் வேறு. அந்தக் காலத்தில்தான் தோட்டத்துப் பெண்களைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷனுக்கு லொறி லொறியாகக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்கள். விவரம் தெரியாமல் போனவர்களும் இருந்தார்கள். மாதவிலக்கை நிறுத்தும் மாத்திரை, அதுவும் சும்மா கொடுக்கிறார்கள், அதுவும் தோட்டக்காட்டுப் பெண்ணுக்கு என்றால் சந்தேகம் வராதா? டிஸ்பென்சர் ஐயாவிடம் கேட்டேன். தன்னைத் தாண்டிப் பதுளைக்குப் போனதில் அவருக்கு ஏற்கெனவே கோபம். "சோதிச்சுப் பாக்க ஒன்ன மாதிரி ஆளத்தான் தேடுவாங்க. தொரசாணிக்குக் குடுப்பாங்களா?" என்றார்.

கோபத்தில் சொன்னாலும் நல்ல கேள்வி. பதுளைக்குப் போனதும் அதையே டொக்டரிடம் கேட்டேன். மிஸ்ஸி மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானே கேட்டேன். டொக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்த நாலு பேரில் ஒருவர் இந்த ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவரின் தங்கை. அவள் போன வாரம் தொடங்கிவிட்டாள்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். இங்கிலீஷில் இருந்த தாளை மிஸ்ஸி வரி வரியாகத் தமிழில் சொன்ன பிறகுதான் போட்டேன். என் பெருவிரலை மையில் தேய்க்க ரெடியாக இருந்தவர்கள் என் கையெழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார்கள்.

வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை தங்காமல் இருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்ததையும் அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். மாமியிடம் மூச்சு விடவில்லை. மாத்திரையைப் பவுடர் டப்பாவுக்குள் வைத்தேன்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் நாள் வந்தது, மாதவிலக்கும் வரவில்லை, வலியும் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. உச்சி மலையில் நிரை பிடித்து மாலை நிறுவைவரை நின்றேன். அந்த மாதம் முழுதும் எனக்குப் பேர் விழுந்தது. பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் வலிக்குமே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிற நான் திரும்பவில்லை. மற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் தினமும் வாழ்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதில் கொஞ்சம் பொறாமையும் வந்தது.

எங்கள் லயத்தில் ஒரு பெண்ணுக்கு மாதம் தவறினால் அவளுக்கு முன்னால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குத் தூரமான நாட்களில் அடுப்படிக்குப் போகாமல் வாசல் திண்ணையான இஸ்தோப்பின் மூலையில் சாக்கு விரித்துப் படுக்க வேண்டும், தட்டும் தம்ளரும் தனி. பத்து வீட்டுக் காம்பராவும் ஒட்டிக்கொண்டிருக்கிற லயத்தில் யார் எப்போது இஸ்தோப்பில் படுக்கிறாள் என்பது நாள்காட்டி மாதிரி. நான் இரண்டு மாதமாக இஸ்தோப்புக்கு வரவில்லை. உடம்பும் பருத்தது, கன்னம் உப்பியது, முகம் பளபளத்தது. மாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கண் பட்டுவிடும் என்று பயம். ஒரு நாள் உப்புப் போட்ட மாங்காய்க் கீற்றைத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அதைத் தின்றேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு வருஷத்தில் அந்த மனுஷி எனக்கென்று எதையும் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை.

மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். செய்தி மலைக்கும் போனது. பெண்கள் என்னைத் தட்டையான நிரைக்கு அனுப்பிவிட்டுச் செங்குத்தான நிரையைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். நிறுவைக்கு முன்னால் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அள்ளி என் கூடையில் போட்டார்கள். முழுகாமல் இருக்கிறவளுக்கு எங்கள் தோட்டத்தில் எல்லோரும் செய்கிறதுதான். வலியில் குந்திக் கிடந்தபோது ஒரு கொழுந்துகூடப் போடாத கைகள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன, போட்டதை எடுத்துக்கொண்டேன்.

குரல் மாறியது மூன்றாவது மாதத்தில். பீலியில் நின்று மேல் லயத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். குரல் நடுவில் உடைந்து கீழே இறங்கியது. தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன், திரும்பவும் அதே மாதிரி. அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பாடுகிற தாலாட்டை மெல்லப் பாடிப் பார்த்தேன். மேலே போக வேண்டிய இடத்துக்குப் போக முடியவில்லை. வீட்டுக்காரர் இரவு சாப்பிடும்போது, "சளியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறு வாரம் கிளினிக். பதுளை போகும் பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் இதே யோசனைதான். சொன்னால் அன்றைக்கே மாத்திரை நின்றுவிடும். மாத்திரை நின்றால் செடிகளுக்கு நடுவில் குந்துகிற பழைய பிழைப்பு. டொக்டர் எடை பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், கடைசியில் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். "சளிங்க. மழையில நனைஞ்சுட்டேன். வேற மாத்தம் ஒண்ணுமில்ல" என்றேன். மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவருக்கு என் பழைய குரல் எவ்வளவு ஞாபகம் இருக்கும்? தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். வலிக்கிறது என்று பதினைந்து வருஷம் உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. இந்தப் பொய்யை ஒரே மூச்சில் நம்பினார்கள். நம்பியவரோ என்னை முதன்முதலில் நம்பிய அந்த ஒருவர். வெளியே வந்து ஹோட்டலில் தேத்தண்ணி வாங்கி, குடிக்க முடியாமல் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான்காம் மாதம் மாமி என் பேரைப் பிள்ளைத்தாய்ச்சிகள் லிஸ்டில் எழுதச் சொல்லித் தோட்டத்து மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினேன். மாமி மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "புள்ள வராம இருக்க மாத்திரையத் தின்னுக்கிட்டு, எங்கிட்ட மாங்காயும் வாங்கித் தின்னியாடி?" என்று கேட்டார். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. மலையில் கூடையில் விழுந்த பிடிக் கொழுந்தும் நின்றது. பொய்க்காரி என்ற பேர் திரும்ப வந்தது, இந்தத் தடவை நியாயமாகவே வந்தது. ஆனாலும் மாத்திரையை நான் விடவில்லை.

ஐந்தாவது தடவை கிளினிக்குக்குப் போனபோது வாங்குப் பலகையில் பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். பக்கத்தில் அவளுடைய அம்மா. அந்தப் பெண் முன்னால் குனிந்து, இரண்டு முழங்கையையும் வயிற்றுக்குள் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மிஸ்ஸி அவளிடம் மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மாறும் என்று வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்தாலும் நம்முடைய பெண்களுக்கு இதுவரை அப்படி ஒன்றும் ஆகவில்லை என்றார். என்னைக் காட்டினார். "சந்தேகமெண்டா இந்த அக்காகிட்டக் கேளுங்க. நாலு மாசமாக் குடிக்கிறாங்க, ஒரு மாத்தமும் இல்ல."

அந்தப் பெண் என்னிடம் வலியைப் பற்றிக் கேட்டாள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். நான் சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, ஒங்களுக்கு எப்பவுமே இந்தக் கொரல்தானா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கைப்பையில் இன்னும் பதினெட்டு மாத்திரை இருந்தது, உள்ளே போனால் அடுத்த மாதத்துக்கும் கொடுப்பார்கள். எனக்கு வலியில்லாத இன்னொரு மாதம். அவள் அதை நம்பி, குரல் உடைந்த பிறகும் சளி என்று நினைத்து விழுங்கிக்கொண்டிருப்பாள். டொக்டரும் என் பேச்சை வைத்துக்கொண்டு அடுத்தவளுக்கும் அதற்கடுத்தவளுக்கும் பயமில்லை என்பார். நான் மிஸ்ஸியைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்து, "இல்ல தங்கச்சி. இது மாத்திரையால வந்தது. ரெண்டு மாசமா இருக்கு. நான்தான் சொல்லல" என்றேன்.

மிஸ்ஸி என் கையைப் பிடித்து நேரே உள்ளே கூட்டிப்போனார். டொக்டர் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் நிறுத்திவிடுவீர்கள் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் மெல்லப் பேசினார், மிஸ்ஸி தமிழில் சொன்னார்: "ஒவ்வொரு தரமும் உன்ட வயித்தத் திறந்து பாக்க எனக்கு ஏலாது. நீ சொல்றது மட்டும்தான் எனக்கு இருக்கி." என்னைப் பற்றி எழுதி வந்த கொப்பியைப் பின்னால் புரட்டி, இரண்டு மாதம் எழுதியதைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் வேறு எழுதினார். நான் பதினெட்டு மாத்திரையையும் மேசையில் வைத்தேன். கடைசி ஒன்றை வைக்கக் கை வரவில்லை. வைத்தேன்.

அடுத்து அந்தப் பசறைப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். என்னையும் இருக்கச் சொன்னார் டொக்டர். என் குரலைக் கேள் என்று அவளிடம் சொன்னார். இது இப்படியே நின்றுவிடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவளுடைய அம்மா எழும்பி, வா போவோம் என்று தோளைத் தொட்டார். பெண் நகரவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"வலி நின்னுச்சாக்கா?"

"நின்னுச்சு."

அவள் மிஸ்ஸியிடம் தாளைக் கேட்டாள். மையில் பெருவிரலை ஒற்றி எடுத்து அழுத்தி வைத்தாள். அவளைத் தடுக்க எனக்கு வாயில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் வைத்திருப்பேன், இப்போது எல்லாம் தெரிந்த பிறகும் வைத்திருப்பேன். குரல் மாறினால் முதல் நாளே சொல்லிவிடு என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து மாமியிடம் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். அன்று இரவு தட்டில் சோறு போட்டு வைத்தார். அதற்குப் பிறகும் எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. நோயால் பிறக்கவில்லையா, மருந்தால் பிறக்கவில்லையா, எங்களுக்கு விதித்ததே அவ்வளவுதானா என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியவில்லை. சில வருஷம் கழித்துக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். குரல் திரும்பவில்லை. அம்மாவை நினைத்துத் திடுக்கிட்டுத் திரும்புகிறவர்கள் லயத்தில் யாரும் இல்லாமல் போனார்கள்.

மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதத்தில் மாதவிலக்கு வந்தது. மூன்றாவது தடவை வலியும் வந்தது. பன்னிரண்டாம் நம்பர் மலையில் இருந்தோம், பனி மூடியிருந்தது. பழைய மாதிரியே கண் இருட்டிக்கொண்டு வந்தது, பழைய மாதிரியே குந்தினேன். கங்காணி பத்து நிரை தள்ளி நின்றார். அவர்வரை நடக்க முடியாமல் இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டேன்.

"கங்காணி, எனக்கு முடியல. நான் போறேன்."

முன்னால் நின்ற இரண்டு பெண்கள் யாரோ ஆம்பிளை என்று நினைத்துத் திரும்பினார்கள். கங்காணியும் திரும்பினார். பனிக்குள் யார் என்று தேடி, நான் என்று கண்டுபிடித்தார். வெற்றிலையைத் துப்பவில்லை, நாடகம் என்று சொல்லவில்லை.

"சரிம்மா, போ. அரைப்பேர் போட்டுக்கிறேன்" என்றார்.

பதின்மூன்று வருஷமாக அவரிடம் சொன்ன அதே ஐந்து வார்த்தைதான், ஒன்றுகூட மாறவில்லை, குரல்தான் மாறியிருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தேன். வலியைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் லயம்வரை இறங்கினேன்.